பழுதுகளைக் கேட்கக் கற்பிக்கும் கூடம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஒரே சட்டப்பேரவையின் கீழ் இருந்தாலும், தொலைபேசி நிர்வாகம் அதை ஒரே நிலமாகக் கருதியதில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் 0413, 04368 என்னும் எண்களோடு தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில் அடங்க, மாஹே தலசேரியின் 0490-ஐப் பகிர்ந்துகொண்டு கேரள வட்டத்திலும், ஏனாம் காக்கிநாடாவின் 0884-ஐப் பகிர்ந்துகொண்டு ஆந்திர வட்டத்திலும் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற நான்கு துண்டு நிலங்கள் மூன்று வட்டங்களில் சிதறிக் கிடக்கும் இந்த நிலை ஓர் அலுவலகச் சிக்கலாக இருக்கலாம்; ஆனால் இணையத் தொலைபேசியை மாணவருக்குக் கற்பிக்க ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க நினைக்கும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் அமைவது அரிது. எண் எங்கே தீர்மானிக்கப்படுகிறது, அழைப்பு எந்த வழியே போகிறது, யாருடைய எல்லையில் கைமாறுகிறது என்னும் மூன்று கேள்விகளும் இங்கே ஊர்ப்பெயர்களோடு வருகின்றன.

1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2020-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகமும் நகருக்கு வடக்கே பிள்ளைச்சாவடி, காலாப்பட்டுப் பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அருகருகே இருக்கின்றன. இத்தகைய நிறுவனங்களில் ஓர் இணையத் தொலைபேசிக் கூடம் எப்படி அமைய வேண்டும், அதில் என்ன கற்பிக்கப்பட வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதற்கு முன், அந்தத் தொலைபேசி பழைய தொலைபேசியிலிருந்து எங்கே பிரிகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

பழைய முறையில் ஓர் அழைப்பு தொடங்கியதும் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு தனிவழி ஒதுக்கப்பட்டு, இருவரில் ஒருவர் ரிசீவரைக் கீழே வைக்கும்வரை, அவர்கள் பேசினாலும் பேசாமல் மௌனமாக இருந்தாலும், அது அவர்களுக்கே உரியதாக இருந்தது. ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்சில் எண்ணைச் சுழற்றச் சுழற்ற இயந்திரக் கைகள் படிப்படியாக ஏறித் திரும்பும் ஓசையைக் கேட்டே அழைப்பு எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய தொழிலாளர் இருந்தனர். பின்னர் வந்த மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் அந்த ஓசையை நிறுத்தின. இந்தியாவுக்கு அந்த மாற்றம் பிரான்சு வழியாகவே பெருமளவில் வந்தது என்பது புதுச்சேரி வாசகர் அறிந்துகொள்ளத்தக்க செய்தி: சிஐடி அல்காடெல் நிறுவனத்தின் இ-10பி என்னும் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை உத்தரப் பிரதேசத்தின் மான்காப்பூரில் இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1980-களில் தயாரித்தது. அதே பத்தாண்டில், 1984-இல், உள்நாட்டு முயற்சியாகச் சி-டாட் நிறுவப்பட்டது. எக்ஸ்சேஞ்சு டிஜிட்டலாக மாறிய பின்னும் தனிவழி என்னும் கொள்கை மாறவில்லை.

இணையம் அந்தக் கொள்கையையே கைவிட்டது. குரல் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் சேர வேண்டிய முகவரி எழுதப்பட்டு, மின்னஞ்சலும் திரைப்படமும் ஓடும் அதே பொதுவழியில் அனுப்பப்படுகிறது. இந்தத் துண்டுகளே பொதிகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு பொதியும் தன் வழியைத் தானே தேடிச் செல்லட்டும், முன்கூட்டியே பாதை ஒதுக்க வேண்டியதில்லை என்னும் எண்ணத்தை 1970-களின் தொடக்கத்தில் வலுவாக முன்வைத்தவர்களில் ஒருவர் லூயி பூசான் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். அவர் அமைத்த சிக்லாத் வலையமைப்பின் பாடங்கள் பின்னாளில் இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளில் கலந்தன. பிரான்சின் தொலைபேசித் துறையோ தனிவழி முறையையே விரும்பியது. இந்த இழுபறியில் வென்றது எது என்பதற்கு இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைபேசியே சான்று.

பொதியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கும் மாணவன் அதை எளிதில் மறப்பதில்லை. 1972-இல் வரையறுக்கப்பட்ட ஜி.711 என்னும் குரல் குறியீட்டு முறை விநாடிக்கு 8,000 முறை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறது; ஆகவே விநாடிக்கு 64 கிலோபிட். வழக்கமாக 20 மில்லிவிநாடிக் குரல் ஒரு பொதியில் அடைக்கப்படுவதால், ஒரு பொதியில் குரல் 160 பைட், அதன்மேல் முகவரி முதலிய தலைப்புகள் 40 பைட், விநாடிக்கு 50 பொதிகள், மொத்தம் 80 கிலோபிட் என்று கணக்கு முடிகிறது. குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறைக்கு மாறினால் அதே 20 மில்லிவிநாடிக் குரல் வெறும் 20 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் தலைப்பு 40 பைட்டாகவே நிற்பதால், எட்டில் ஒரு பங்காகக் குறைய வேண்டிய செலவு 24 கிலோபிட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் சரக்கைவிட உறையின் எடை இருமடங்கு. இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, மாணவனே இரு கணினிகளுக்கு இடையே பேசிப் பார்த்து, வயர்ஷார்க் என்னும் இலவச மென்பொருளில் பொதிகளை நிறுத்தி எண்ணும்போதுதான் அது பதிகிறது.

கூடத்துக்குத் தேவையான பொருள்களின் பட்டியல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்னும் மென்பொருள் ஒரு சாதாரணக் கணினியையே அலுவலக எக்ஸ்சேஞ்சாக மாற்றிவிடும். அது உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை கணினியிலும் ஓடும். பேசுவதற்குத் தனிக் கருவி வேண்டாதவர்கள் பிரான்சில் உருவான லின்ஃபோனைக் கைபேசியிலோ கணினியிலோ நிறுவிக்கொள்ளலாம். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்கக்கூடியவை. ஆகவே, விலையுயர்ந்த ஒரு நிறுவனத்தின் முழுத்தொகுப்பை வாங்கி, அதன் திரையில் தெரியும் பொத்தான்களை அழுத்தப் பழக்குவதைக் கற்பித்தல் என்று எண்ணும் கல்லூரிகள், மாணவரைப் பொறியாளராக அல்லாமல் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராகவே உருவாக்குகின்றன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இணையத் தொலைபேசியின் அடிப்படை நெறிமுறைகளை வகுத்தவர்களில் ஒருவரான ஹென்னிங் ஷூல்ட்ஸ்ரினின் ஆய்வுக்கூடம் சர்வரையும் பேசும் மென்பொருளையும் தானே எழுதிப் பயன்படுத்திய மரபு இதற்கு நேர்மாறானது. இந்தியாவிலும் 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலியோரின் டெனெட் குழு, கம்பியில்லா இணைப்பில் பேச்சையும் இணையத்தையும் ஒருசேரத் தரும் கார்டெக்ட் அமைப்பைச் சென்னையின் மிடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. விலைகொடுத்து வாங்குவதைவிடச் செய்துபார்ப்பதே கல்வி என்று நம்பிய ஆசிரியர்களின் வேலை அது.

புதுச்சேரிக் கூடத்தில் நான்கு சிறு சர்வர்கள் வைத்து, அவற்றுக்குப் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று பெயரிட்டால் பாதிப் பாடம் தானே அமைந்துவிடும். ஒவ்வொரு சர்வரையும் ஒரு மாணவர் குழு நிர்வகிக்க வேண்டும்; தன் ஊருக்குள் நான்கு இலக்க எண், வெளியூருக்கு முன்குறியீட்டோடு கூடிய எண் என்று அழைப்பு விதிகளை அக்குழுவே எழுத வேண்டும். காரைக்கால் சர்வர் நின்றுபோனால் அங்கே போக வேண்டிய அழைப்புக்கு என்ன பதில் சொல்வது, மாஹேக் குழு தன் எண் வரிசையை அறிவிப்பின்றி மாற்றினால் மற்ற மூவர் என்ன செய்வது என்பவை அப்போது நடைமுறைச் சண்டைகளாகவே எழும். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இடையே நாள்தோறும் நடப்பதும் இதுதான்.

அழைப்பு எப்படித் தொடங்குகிறது என்பதை நெருங்கிப் பார்ப்பது அடுத்த படி. 1999-இல் முதல் வடிவத்தையும் 2002-இல் இன்றைய வடிவத்தையும் பெற்ற சிப் என்னும் நெறிமுறை இதற்கு உரியது. அது வலைப்பக்கங்களின் நெறிமுறையைப் போலவே மனிதர் படிக்கக்கூடிய எழுத்தில் அமைந்தது. அழைப்பவரின் கருவி இன்வைட் என்னும் செய்தியை அனுப்புகிறது. அதற்கு முயல்கிறேன் என்று பொருள்படும் 100, மணி அடிக்கிறது என்று பொருள்படும் 180, எடுத்தாயிற்று என்று பொருள்படும் 200 என எண்ணிட்ட பதில்கள் வரிசையாக வருகின்றன. மறுமுனை பேச்சில் இருந்தால் 486, அப்படி ஒருவர் இல்லையென்றால் 404. பேச்சு முடிந்ததும் விடைபெறும் பை (bye) என்னும் செய்தி. இத்தனையும் சர்வர் வழியாக நடந்தாலும், குரல் பெரும்பாலும் சர்வரைத் தொடாமல், ஆர்டிபி என்னும் வேறொரு நெறிமுறையில், ஒரு கருவியிலிருந்து மறுகருவிக்கு நேராகவே செல்லக்கூடும். அழைப்பின் பாதையும் குரலின் பாதையும் வேறு வேறு என்னும் இந்த ஒரு செய்தியை உணராதவர் இணையத் தொலைபேசியில் எந்தப் பழுதையும் நீக்க முடியாது.

அந்தப் பழுதுகளுள் தலையாயது, மணி அடித்து, எடுத்தும் ஆன பிறகு, ஒரு பக்கத்தின் குரல் மட்டும் கேட்காமல் போவது. வீட்டு ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவி, தனக்குள் வழங்கப்பட்ட 192.168 என்று தொடங்கும் உள்முகவரியைச் செய்தியில் எழுதி, குரலை இங்கே அனுப்பு என்று சொல்லிவிடுகிறது. மறுமுனையும் சொன்ன சொல் தவறாமல் அந்த முகவரிக்கே அனுப்புகிறது. அப்படியொரு முகவரி வெளியுலகில் செல்லாது என்பதால் பொதிகள் வழியிலேயே மறைகின்றன. அழைப்புச் செய்திகளில் எந்தக் குறையும் இல்லாததால் சர்வரின் பதிவேடு எல்லாம் சரி என்றே காட்டும். கூடத்தில் இரண்டு மலிவான ரூட்டர்களை நடுவில் வைத்து இந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கி, மாணவர் அதைத் தாமே கண்டுபிடிக்கவிட வேண்டும். வெளியே தனக்கு என்ன முகவரி என்று கேட்டறிய உதவும் ஸ்டன் சர்வரை முதலிலேயே நிறுவிக்கொடுத்துவிட்டால், நோயைக் காட்டாமல் மருந்தைக் கற்பித்ததாகவே முடியும்.

இத்தகைய கூடத்தின் உயிர் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. நன்றாகப் பேசும் தொலைபேசியைக் காட்டுவதற்குக் கூடம் தேவையில்லை. அது ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் இருக்கிறது. அளந்து கெடுக்கப்பட்ட தொலைபேசியைக் காட்டுவதற்கே கூடம் தேவை. லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள நெட்எம் என்னும் வசதி, ஒரு கட்டளையில் பொதிகளைத் தாமதப்படுத்தவும், நூற்றுக்கு மூன்றோ ஐந்தோ பொதிகளைத் தொலைக்கவும், சிலவற்றை முன்பின்னாக்கவும் உதவுகிறது. ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்த இருவருக்கு இடையே பாரிஸ் வரையிலான தொலைவை இதனால் உண்டாக்கலாம். ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. கடலடிக் கேபிள் சுற்றிச் செல்லும் வழியை 12,000 கிலோமீட்டர் என்று கொண்டால், எந்த நெரிசலும் இல்லாமலேயே ஒரு வழிக்கு 60 மில்லிவிநாடி ஆகிவிடும். பொதியை நிரப்ப 20, வந்த பொதிகளைச் சீராக்க ஒரு 50 என்று கூட்டினால், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நல்ல உரையாடலுக்கு எல்லையாகப் பரிந்துரைத்த 150 மில்லிவிநாடியை நெருங்கியாயிற்று. அந்த எல்லையைக் கடந்து 400-க்கு ஏற்றினால், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடியும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். பிரான்சில் உறவினர் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்தத் தடுமாற்றம் பழக்கமானதே.

தாமதத்தைவிடத் தொல்லை தருவது ஜிட்டர் எனப்படும் நடுக்கம், அதாவது பொதிகள் சீரான இடைவெளியில் வராமல் முந்தியும் பிந்தியும் வருவது. பேருந்து நிலையத்தின் நேரக்காப்பாளர், கடலூரிலிருந்து தாறுமாறாக வந்துசேரும் பேருந்துகளைச் சற்றே நிறுத்திவைத்து, குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்பி, மிகவும் பிந்தியதை ரத்துசெய்வது போல, பெறும் கருவியில் உள்ள தேக்கம் பொதிகளைச் சிறிது நிறுத்திவைத்துச் சீராக ஒலிக்கவிடுகிறது. தேக்கம் பெரிதானால் தாமதம் கூடும். சிறிதானால் பிந்திவந்த பொதிகள் வீணாகும். இந்த இழுபறிக்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை என்பதும், அந்தந்த வலையமைப்புக்கேற்பவே முடிவெடுக்க வேண்டும் என்பதும் மாணவர் காதாலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை. சில மில்லிவிநாடிகளுக்காக நாடுகளே வாதிட்டதுண்டு. ஏடிஎம் என்னும் பழைய வலையமைப்பின் பொதியில் எத்தனை பைட் சரக்கு இருக்க வேண்டும் என்ற பேச்சில், எதிரொலி நீக்கும் கருவிகள் இல்லாமலேயே தங்கள் நாட்டுக்குள் பேச வேண்டும் என்று விரும்பிய பிரான்சு 32 கேட்டது. அமெரிக்கா 64 கேட்டது. இரண்டுக்கும் நடுவே 48 என்று முடித்தார்கள். பொறியியல் காரணத்தால் யாருக்கும் பிடிக்காத அந்த எண், சமரசத்தால் நிலைத்தது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இத்தகைய கூடம் அமைந்தால் அது உலகுக்குத் தரக்கூடிய புதிய பங்களிப்பு ஒன்று உண்டு. குரல் தரத்தை 5 முதல் 1 வரை மதிப்பெண் இட்டு மனிதர்களே தீர்மானிக்கும் சோதனைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவருபவை ஹார்வர்டு வாக்கியங்கள் எனப்படும் ஆங்கில வாக்கியங்கள். தமிழின் ஒலியமைப்பு வேறு. கல், கால் என்பவற்றைப் பிரிப்பது உயிரின் நீளம். பாடு, பாட்டு என்பவற்றைப் பிரிப்பதில் நடுவே வாய் அடைபடும் நேரத்துக்கும் பங்குண்டு. பாடு என்று சொல்லும்போது அந்த இடத்தில் இரண்டு மூன்று பொதிகள் தொலைந்து, அங்கே மௌனம் நிரப்பப்பட்டால், கேட்பவருக்கு அது பாட்டு என்று ஒலிக்குமா? பழைய தொலைபேசியின் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ல, ழ, ள வேறுபாடு எவ்வளவு பிழைக்கிறது? ஜி.711-க்குப் பதிலாக 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறைக்கு மாறினால் என்ன மாறுகிறது? இவை விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, ஒலிவாங்கி, அமைதியான அறை, பொறுமையுள்ள கேட்போர் ஆகியவற்றைக் கொண்டே விடைகாணக்கூடிய கேள்விகள். புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்பு அதே நகரில் இருக்கும்போது, பொறியியல் மாணவரும் மொழியியல் மாணவரும் ஒரே மேசையில் அமர்வதற்கு இது நல்ல காரணம்.

சட்டத்தைப் பாடத்திலிருந்து விலக்கிவைக்க முடியாது. இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 முதலே அனுமதிக்கப்பட்டது. அதுவும் கணினிக்குக் கணினி, அல்லது இங்குள்ள கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கு என்னும் அளவில்தான். இணையத்தில் வரும் அழைப்பை உள்நாட்டுத் தொலைபேசியில் கொண்டுவந்து இறக்குவதற்கு அப்போது இடமிருக்கவில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தொலைபேசி எண்ணோடு இணையவழி அழைப்பு வழங்குவதற்கு 2018-இல்தான் வழி திறந்தது. பிஎஸ்என்எல் விங்ஸ் என்னும் சேவையை அறிவித்தது அந்த ஆண்டில். ஆகவே ஆர்வமுள்ள மாணவன் ஒருவன், தன் ஆஸ்டரிஸ்க் சர்வரில் ஒரு சிம் கார்டுக் கருவியைச் செருகி, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிப் பார்த்தால் அது திறமையின் சான்று ஆகாது, குற்ற வழக்கு ஆகும். கூடம் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணையாத தனித்தீவாகவே இருக்க வேண்டும் என்பதும், அதன் சர்வர்கள் பல்கலைக்கழகத்தின் வெளி இணைய முகவரியில் திறந்து வைக்கப்படக் கூடாது என்பதும் முதல் நாளே சொல்லப்பட வேண்டியவை. எளிய கடவுச்சொல்லோடு வெளியே தெரியும் சர்வரைத் தேடிப்பிடித்து, அதன் வழியே பிறர் செலவில் பேசும் கூட்டம் உலகெங்கும் இரவு பகலாக வேலைசெய்கிறது.

குரலும் தரவும் ஒரே வழியில் செல்வது புதுச்சேரிக்குப் புதிதன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு தொடங்கிய கிராமத் தகவல் மையங்களில், தொலைபேசிக் கம்பி நம்பத்தகாததாக இருந்த ஊர்களுக்கு விஎச்எஃப் வானொலிக் கருவிகள் வழியே பேச்சும் கணினித் தகவலும் சென்றன. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவருக்குப் போய்ச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து நல்லவாட்டுக்கு வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை ஊருக்கே கொண்டுசேர்த்ததும் அத்தகைய மையத்தின் ஒலிபெருக்கிதான். வலையமைப்பின் கடைசிக் கண்ணி கணினியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு பாடநூல்களில் கிடைப்பதில்லை.

மின்சாரம் பற்றிய பயிற்சியும் இந்த ஊரில் தவிர்க்க முடியாதது. பழைய தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சே 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்பியதால், வீடு இருளில் மூழ்கினாலும் மணி அடித்தது. இணையத் தொலைபேசியில் கருவி, ஸ்விட்ச், ரூட்டர், சர்வர் ஆகிய நான்கில் ஒன்று நின்றாலும் எல்லாம் நின்றுவிடும். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பரில் ஃபெங்கல் புயலும் கரையைக் கடந்த கடற்கரை இது. யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அதன்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்து நம்பாமல், மின்னிணைப்பைத் துண்டித்து, எந்தக் கருவி முதலில் சாகிறது என்று கைக்கடிகாரத்தோடு குறித்துக்கொள்ளும் பயிற்சி ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பது பணமன்று, ரெக்கார்டு நோட்டு. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு என்னும் வரிசையில் முந்தைய ஆண்டு மாணவன் எழுதியதைப் பார்த்து எழுதி, வரவேண்டிய முடிவு வந்தது என்று கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் பொறியியல் கூடங்களில் ஆழமாக ஊன்றிவிட்டது. வலையமைப்பில் அன்றைய முடிவு அன்றைக்குரியது. மதிய உணவு இடைவேளையில் விடுதி மாணவர் அனைவரும் காணொளி பார்க்கும் நேரத்தின் ஜிட்டரும், காலை 9 மணியின் ஜிட்டரும் ஒன்றாக இருந்தால் அளந்தவர் அளக்கவில்லை என்றே பொருள். ஆகவே மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்: ஓர் அழைப்பை ஏற்படுத்திக் காட்டு என்று கேட்பதற்குப் பதிலாக, தேர்வாளர் நான்கு சர்வர்களுள் ஒன்றில் ஓர் அழைப்பு விதியைத் தவறாக எழுதி, ஒரு ரூட்டரில் குரலுக்குரிய வாயிலை அடைத்து, ஓர் இணைப்பில் நூற்றுக்கு நான்கு பொதிகளைத் தொலைத்துவிட்டு, ஏனாமிலிருந்து காரைக்காலுக்கு ஏன் சரியாகப் பேச முடியவில்லை என்று மட்டும் கேட்க வேண்டும். மூன்று பழுதுகளையும் கண்டுபிடிக்காவிட்டாலும், எந்தச் சான்றைக் கொண்டு எதை விலக்கினான் என்பதை முறையாக எழுதிவைத்த மாணவனுக்கு முக்கால் பங்கு மதிப்பெண் தரலாம். யூகத்தால் மூன்றையும் சரிசெய்துவிட்டு எப்படி என்று சொல்லத் தெரியாதவனுக்கு அதில் பாதிதான்.